மேலே ஒன்று, கீழே மூன்று

அந்தத் தட்டு அங்கே கிடக்கக் கூடாது.

பாதி திறந்திருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழையும்போதே மெக்கானிக்கின் கண் வேலை மேஜைக்குப் போய்விட்டது. வைஸுக்குப் பக்கத்தில், எண்ணெய்த் துணியின் மேல், உள்ளங்கை அகலத்தில் ஓர் எஃகுத் தட்டு. அதன் முகத்தில் பாம்பு போல நெளிந்து ஓடும் இரண்டு பள்ளங்கள்.

கேம் தட்டு. கியர்பாக்ஸின் வயிற்றுக்குள் இருக்க வேண்டிய சாமான். வலது காலால் லீவரை அசைத்தால் எந்தப் பல்சக்கரம் எதோடு போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். அது மேஜையில் கிடக்கிறது என்றால், அதன் இடத்தில் வேறொன்று உள்ளே போயிருக்கிறது.

கழுகு வண்டி நிற்க வேண்டிய ஸ்டாண்டு காலியாக இருந்தது.

"வெல்டரே!" இருமல் வந்து தொண்டையை அடைத்தது. "வெல்டரே, கழுகு எங்கே?"

பின்மூலையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெல்டர் எட்டிப் பார்த்தார். வயதில் மூத்தவர். கடையில் பாதிப் பங்கு, வாயில் மட்டும் முழுப் பங்கு.

"அட, தலைவரே! எமன் கையெழுத்துப் போடாம திருப்பி அனுப்பிட்டானா? ஆஸ்பத்திரியில நுரையீரலைத் துடைச்சுக் குடுத்தாங்களா, மாத்திக் குடுத்தாங்களா?"

"கழுகு எங்கேன்னு கேட்டேன்."

"மாப்பிள்ளை எடுத்துட்டுப் போயாச்சே. இன்னிக்குத்தானே பழைய வண்டிச் சங்கத்து மலை ஓட்டம்? நீ போய்ப் படுத்ததுமே வந்து உட்கார்ந்துட்டாரு. பாக்ஸை முடிச்சுக் குடுங்கண்ணே, முடிச்சுக் குடுங்கண்ணேன்னு ஒரே சிணுங்கல். சரி, நம்ம வீட்டு ஆளு, மூஞ்சி வாடக் கூடாதுன்னு முடிச்சுக் குடுத்துட்டேன்."

"எதைப் போட்டு முடிச்சே?"

"பேரிங் போயிருந்துச்சு. பல்லும் அங்கங்கே மூளி. நங்கூரத்தோட பாக்ஸ் ஒண்ணு மூலையில சும்மாதானே கிடந்துச்சு? ரெண்டும் ஒரே இடத்துச் சாமான்தானேன்னு அதோட குடலை அப்படியே உருவி இதுக்குள்ளே வச்சுட்டேன். வெண்ணெய் மாதிரி உட்கார்ந்துச்சு."

"தட்டோடயா உருவினே?"

"தட்டோடதான். புருஷன் பொண்டாட்டியைப் பிரிக்கிற மாதிரி அதை எதுக்குப் பிரிக்கணும்?"

மெக்கானிக் தட்டின் பள்ளத்தில் விரலை ஓட்டினான்.

அந்தக் கடைக்கு வருவது எல்லாமே பழைய பிரிட்டிஷ் வண்டிகள். கம்பெனிப் பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. டாங்கில் கழுகு பொறித்திருந்தால் கழுகு, நங்கூரம் பொறித்திருந்தால் நங்கூரம். இரண்டு கம்பெனிக்காரர்களும் அந்தக் காலத்தில் கியர்பாக்ஸை மூன்றாவது ஒருவனிடம் செய்து வாங்கினார்கள். அதனால் வெளிக்கூடுதான் வேறு. பிரேமில் மாட்டுகிற காது ஒன்றுக்கு மேலே, மற்றதற்குக் கீழே. உள்ளே இருப்பதெல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இதன் பல்சக்கரம் அதற்குச் சேரும். அதன் ஷாஃப்ட் இதற்குச் சேரும். கேம் தட்டும் சேரும், அச்சுப் பிசகாமல் உட்காரும்.

வினையே அங்கேதான். கழுகு வண்டியில் லீவரைத் தூக்கினால் முதல் கியர். பிறகு மிதிக்க மிதிக்க இரண்டு, மூன்று, டாப். மேலே ஒன்று, கீழே மூன்று. நங்கூரம் நேர் எதிர். மிதித்தால் முதல் கியர்; தூக்கத் தூக்க மற்றவை. கடையில் ஓடுகிற வண்டிகளில் நங்கூரம் ஒன்றுகூடக் கிடையாது. தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை வாழ்நாளில் ஒரு நங்கூரத்தில் ஏறியதே கிடையாது.

"ஓட்டிப் பார்த்தியா?"

"எனக்கு சைக்கிளே ததிங்கிணத்தோம். ஸ்டாண்டுல போட்டுக் கையால தள்ளிப் பார்த்தேன். எல்லா கியரும் விழுந்துச்சு."

"எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

வெல்டரின் கண்கள் மேஜைமேல் கிடந்த தட்டுக்குப் போய், மெக்கானிக்கின் முகத்துக்கு வந்தன.

"ஐயோ," என்றார்.

"ஏறும்போது தப்பாப் போட்டா இன்ஜின் கத்தும், அவ்வளவுதான். இறங்கும்போது வேகத்தைப் பிடிக்க கியரைக் குறைப்பாரு. பழக்கத்துல கால் தூக்கும். இந்த பாக்ஸ்ல தூக்கினா டாப்பு. இன்ஜின் பிடியே இருக்காது. மிச்சம் பிரேக்குதான். அந்த வண்டி பிரேக்கைப் பத்தி நான் உனக்குச் சொல்லணுமா?"

"அது பிரேக் இல்லையே, பிரார்த்தனை." சொல்லிவிட்டு வெல்டர் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். "ஆனா தலைவரே, முதல் கியர் போடும்போதே மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தலைக்குத் தெரியும். பதறினா தலையா ஓட்டுது? கால்தான் ஓட்டும்."

மெக்கானிக் ஒரு ஸ்பேனர் செட்டை அள்ளிக்கொண்டு ஷட்டருக்கு அடியில் மறுபடி குனிந்தான்.

*

வெளியே தங்கை கடை வேனின் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். சீருடை தைக்கிற தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு, அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தவள். வீட்டில் போய்ப் படு என்று டாக்டர் சொன்னதை வழியெல்லாம் அவள்தான் ஒப்பித்துக்கொண்டு வந்தாள்.

"ஒரு கண் பார்த்துட்டு வந்துடறேன்னு போனே. ஸ்பேனரோட வர்றே. உனக்கு நோய் நுரையீரல்ல இல்லண்ணா, கையில."

"மாப்ளைக்குப் போன் போடு."

"என்னாச்சு?"

"போடு முதல்ல."

போட்டாள். வேனின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் மணி அடித்தது.

இருவரும் அந்தப் பெட்டியைப் பார்த்தார்கள்.

"வண்டி ஓட்டும்போது சட்டைப் பையில கனக்குதுன்னு எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு," என்றாள் தங்கை. குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "அண்ணா, என்ன ஆச்சு? சொல்லு."

சொன்னான். அவள் முழுதும் கேட்டு முடிப்பதற்குள் வேன் தெருமுனை தாண்டிவிட்டது.

ஊர்க் கடைவீதியில் சிவப்பு விளக்கு. அவள் ஹாரனில் கையை வைத்தாள். முன்னால் நின்ற டாக்ஸிக்காரன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "விளக்கு என் மாமியார் வீட்டுதா, நான் அணைக்கிறதுக்கு?" என்று கத்தினான். அவளுக்கு அது காதில் விழவில்லை.

"சங்கத்துல வேற யாருக்காவது போடு," என்றான் மெக்கானிக்.

"பல் டாக்டர்தான் செயலாளர். அவர் நம்பர்தான் இருக்கு." ஒரு கையால் தேடி, போட்டு, காதில் வைத்தாள். "எடுக்கலை. மலையில சிக்னல் எங்கே?" போனை மடியில் போட்டாள். "அவரு கவனமான ஆளு அண்ணா. பஸ் ஓட்டுறவரு. அத்தனை பேரை வச்சுக்கிட்டுத் தினமும் ஓட்டுறாரு. ஒரு கோழி செத்ததில்லை இதுவரைக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படி மூஞ்சியை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே?"

பஸ் கையால் கியர் போடுகிற வண்டி. அந்தக் கவனம் காலில் இறங்காது. இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவன் கண்ணுக்குள் ஒரே ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பூட்ஸின் முனை. அது லீவருக்கு அடியில் நுழைகிறது. தூக்குகிறது.

ஊர் முடிந்து ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவிலேயே சாலை வேலை. ஒரு பக்கம் தோண்டிப் போட்டிருந்தார்கள். கொடி பிடித்தவன் சிவப்பைக் காட்டிக்கொண்டு, உலகத்தில் அவசரம் என்று ஒன்று இருப்பதே தெரியாதவன் போல எதையோ மென்றுகொண்டிருந்தான்.

தங்கை தலையை வெளியே நீட்டினாள். "அண்ணே, விடுங்கண்ணே. உயிர் போற அவசரம்."

"எல்லாரும் அதான் சொல்றாங்கம்மா. மேலேருந்து சரக்கு லாரி இறங்குது. விட்டா உன் உயிர்தான் போகும்."

"காலையில பழைய பைக்குங்க கூட்டமாப் போச்சா?"

"போச்சே. ஒண்ணொண்ணும் எங்க தாத்தா இருமுற மாதிரி சத்தம். கூட்டம் போய் ரொம்ப நேரம் ஆச்சு."

சரக்கு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அசைந்து அசைந்து இறங்கின. மெக்கானிக் ஒவ்வொரு லாரியின் முகப்பையும் பார்த்தான். கீறல் இருக்கிறதா, கண்ணாடி உடைந்திருக்கிறதா. பார்ப்பது தங்கைக்குத் தெரியக் கூடாது என்று சும்மா இருமினான். அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொடி பச்சைக்கு மாறியது.

வேன் கிழம். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. சூடு காட்டும் முள் சிவப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. "நிறுத்தாதே," என்றான் மெக்கானிக். "வெடிச்சா வெடிக்கட்டும்." வாழ்க்கையில் ஒரு வண்டியைப் பற்றி அவன் அப்படிச் சொன்னதே இல்லை. தங்கை திரும்பி அவனை ஒரு தரம் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் அவளுக்கு முழு பயமும் வந்தது.

ஐந்தாறு வளைவுகள் போயிருக்கும். சாலையோரம் கூட்டம். நாலைந்து பேர் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கால்களுக்கு நடுவே ஒரு சக்கரம், கம்பிகள் வெயிலில் மின்ன, தரையோடு தரையாகக் கிடந்தது.

தங்கை பிரேக்கை மிதித்த வேகத்தில் மெக்கானிக்கின் நெற்றி கண்ணாடியில் இடித்தது. அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். செருப்பு ஒன்று வேனுக்குள்ளேயே கிடந்தது.

கூட்டம் விலகியது. நடுவில், முழங்கை வரை கிரீஸோடு, பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய வண்டியின் பின்சக்கரம், கழற்றின நிலையில்.

"செயின் அறுந்துபோச்சும்மா," என்றார் அவர், பதறி நின்ற பெண்ணை அண்ணாந்து பார்த்து. "பல்லு பிடுங்கறதைவிடக் கஷ்டமா இருக்கு. மெக்கானிக் சார் வேற வந்துட்டாரா? கடவுள் இருக்காரு!"

"என் வீட்டுக்காரர்?"

"அவரா? காத்து மாதிரி போனாரு. மேலே காபிக் கடையில எல்லாரும் சேர்ந்துட்டு, அப்புறமா ஒண்ணா இறங்குறதுன்னு பேச்சு. ஆனா எனக்காக எவ்வளவு நேரம்தான் காத்திருப்பாங்க? சார், இந்த செயினைக் கொஞ்சம்..."

அவர் சொல்லி முடிக்கும்போது வேன் நகர்ந்துவிட்டது.

*

மலை உச்சியில் சாலை சமதளமாகப் பரந்திருந்தது. இந்தப் பக்கம் வந்த வழி. அந்தப் பக்கம் இறக்கம், அடியில் ஏரி. நடுவில் தகரக் கூரை போட்ட காபிக் கடை. கடைக்கு முன்னால் வரிசையாகப் பழைய வண்டிகள், சாய்ந்து நின்றன.

வரிசையின் கடைசியில் கழுகு. அதன் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து காபியை ஊதிக்கொண்டிருந்தான் மாப்பிள்ளை.

தங்கை ஒற்றைச் செருப்போடு நடந்துபோய், அவனுடைய போனாலேயே அவன் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். இன்னொன்றும் போட்டாள். பிறகு அவன் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

"ஏய், ஏய், காபி கொட்டுது!" மாப்பிள்ளை டம்ளரைத் தூக்கிப் பிடித்தான். "மச்சான், என்ன இது? ஆஸ்பத்திரியில மருந்தை இவளுக்குக் குடுத்துட்டாங்களா?"

மெக்கானிக் வேனின் பக்கவாட்டில் சாய்ந்து மூச்சு வாங்கினான். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டுக்கும் இடையில் இருமல்தான் ஜெயித்தது.

"மாப்ளே, கியரு..."

"ஓ, அதுவா!" மாப்பிள்ளை தொடையில் தட்டினான். "ஒரு வாரமா இந்தக் கழுகு தலைகீழாத்தான் பறக்குது. மொதநாள் கடை வாசல்லயே தெரிஞ்சுபோச்சு. தூக்கினேன், ரெண்டாவதுல திக்கித் திணறிக் கிளம்புச்சு. சரி, வெல்டர் அண்ணன் கைவரிசைன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

"ஒரு வாரமா ஓட்டுறீங்களா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா, ஊசி குத்தின கையோட எந்திரிச்சு ஓடி வந்துடுவீங்க. வெல்டர் அண்ணனுக்கும் அர்ச்சனை நடக்கும். பாவம், ஆசையாச் செஞ்சு குடுத்தாரு. அதான் நானே பழகிக்கிட்டேன். தினமும் காலையில டூட்டிக்கு முன்னாடி ஏரி வரைக்கும் போயிட்டு வருவேன். பல் தேய்க்கும்போது ஜெபிப்பேன். 'மிதிச்சா குறையும், தூக்கினா கூடும். மிதிச்சா குறையும், தூக்கினா கூடும்.' இப்போ தூக்கத்துலகூட கால் சரியாப் போடுது. இவளைக் கேளுங்க, எத்தனை மிதி வாங்கியிருக்கான்னு."

தங்கை நிமிர்ந்தாள். "அதுதானா அது? கனவுல நாய் துரத்துதுன்னு சொன்னீங்க!"

சுற்றி நின்ற சங்கத்துக்காரர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். அவளுக்கும் உதட்டோரம் வந்துவிட்டது. ஆனால் உடனே முகம் இறுகியது.

"போதும். வண்டியை வேன்ல ஏத்துங்க."

"வேன்லயா? இத்தனை பேர் முன்னாடியா? செத்துடலாம் அதுக்கு."

"வாயைக் கழுவுங்க."

"பழகிடுச்சுன்னு சொல்றேனில்ல. மச்சான், நீங்க சொல்லுங்க இவளுக்கு."

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவன் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டுகிறவன் முன்னால் படிந்து உட்கார, இந்த வண்டிக்குக் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட்டை மெக்கானிக்கே முன்பு பின்னால் தள்ளி வைத்துக் கட்டியிருந்தான். அதனால் லீவர் பாக்ஸில் நேராக இல்லை. பின்னால் இருந்த லீவரிலிருந்து ஒரு கம்பி முன்னால் வந்து, பாக்ஸிலிருந்து நீட்டும் ஷாஃப்டில் தரையைப் பார்த்து மாட்டியிருந்த சின்ன இரும்புக் கையோடு சேர்ந்தது.

தரையைப் பார்த்து நிற்கிற அந்தக் கையைக் கழற்றி, வானத்தைப் பார்த்து மாட்டினால் போதும். கம்பி தள்ளினால் ஷாஃப்ட் எதிர்ப்பக்கம் திரும்பும். தலைகீழானது மறுபடி தலைகீழாகும். பாக்ஸைத் திறக்கவே வேண்டாம். ரேஸ்காரர்கள் செய்கிற வேலை.

"மாப்ளே, இதை இங்கேயே நிமித்திடலாம்," என்றான். "உள்ளே தட்டு எப்படியோ இருந்துட்டுப் போகட்டும். உங்க காலுக்குக் கழுகு கழுகாவே இருக்கும். மேலே ஒண்ணு, கீழே மூணு."

"எதுக்கு மச்சான்? இறங்கி வீட்டுக்குப் போனதும் பண்ணிக்கலாமே."

ஒரு கணம் மெக்கானிக்கின் கை நின்றது. என்னவோ ஒன்று மூளைக்குள் வந்து கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. ஆனால் உள்ளே இருந்த சத்தத்தில் அது கேட்கவில்லை. காலையிலிருந்து ஒரு பூட்ஸின் முனை அவனுக்குள் தூக்கிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும். தப்பாக இருக்கிற ஒரு வண்டியைத் தப்பாகவே இறக்கத்தில் அனுப்ப அவன் கைக்குத் தெரியாது.

"நாளைக்கு வேற கழுகுல ஏறுவீங்க. அங்கே இது மாறும். ஒரு காலுக்கு எதுக்கு ரெண்டு பழக்கம்?"

"நிமித்துண்ணா," என்றாள் தங்கை. "நிமித்தாம இந்த வண்டி இங்கேருந்து நகராது. நான் சக்கரத்துக்குக் கீழே படுத்துடுவேன்."

மாப்பிள்ளை இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்தான். "அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்துட்டா ராணுவமே பின்வாங்கும். நான் சாதாரண பஸ் டிரைவர்."

வேலை சீக்கிரம் முடிந்தது. போல்ட்டைத் தளர்த்தி, கையை உருவி, திருப்பி மாட்டி, கம்பியின் நீளத்தைச் சரிசெய்து இறுக்கினான். மாப்பிள்ளை காபிக் கடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டினான். தூக்கி ஒன்று. மிதித்து இரண்டு, மூன்று. தூக்கி மறுபடி இரண்டு. சர்க்கஸ்காரனைப் போல ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டு ஓட்டினான். ஒரு தப்பும் இல்லை.

"கழுகு நேராப் பறக்குது, மச்சான்!"

மெக்கானிக் கையைத் துடைத்தான். அன்று முதல்முறையாக நெஞ்சு நிறைய மூச்சு இழுக்க முடிந்தது.

*

சங்கத்து வண்டிகள் முன்னால் போய்விட்டன. கடைசியாகக் கழுகு. அதன் பின்னால் வேன்.

"மெதுவாப் போங்கன்னு சொல்லியிருக்கேன்," என்றாள் தங்கை. "கேட்கிறாரு பாரு, நல்ல பிள்ளையாட்டம்." அவள் முகம் தெளிந்திருந்தது. "கனவுல நாயாம். ராத்திரியெல்லாம் என் முழங்கால்ல கியர் போட்டிருக்காரு. வீட்டுக்கு வரட்டும், வச்சுக்கறேன்."

மெக்கானிக் சீட்டில் தலையைச் சாய்த்தான். காதை மட்டும் மூடவில்லை. அவனால் அது முடியாது. முன்னால் போகிற இன்ஜினின் குரல் சீராக வந்தது. மூன்றாவது கியர். வளைவு. தூக்கினான், இரண்டாவது. குரல் ஏறி, வண்டி அடங்கியது. மறுபடி நேர்ப்பாதை. மிதித்தான், மூன்றாவது. எல்லாம் ஒழுங்கு. யோசித்து யோசித்துப் போடுகிறான், அதனால் கொஞ்சம் தாமதமாகப் போடுகிறான்.

யோசித்துப் போடுகிறான்.

மெக்கானிக்கின் கண் திறந்தது. உச்சியில் வந்து தட்டியது என்ன என்று இப்போது கேட்டது.

ஒரு வாரம். தினமும் காலையில். பல் தேய்க்கும்போது. தூக்கத்தில்கூட.

"ஹாரன் அடி," என்றான்.

"எதுக்கு?"

"அவரை நிறுத்து. ஹாரன் அடி! நிறுத்தச் சொல்லு!"

அவள் ஹாரனில் கை வைத்த அதே நேரம், அடுத்த வளைவின் உட்புறத்திலிருந்த சந்திலிருந்து ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாகச் சாலைக்குள் வந்தது. அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, நிதானமாக.

கழுகின் பின்விளக்கு சிவந்தது. வண்டி கொஞ்சம் அடங்கியது, போதுமான அளவு அடங்கவில்லை. மாப்பிள்ளைக்கு இன்ஜினின் பிடி வேண்டும். இடது கை கிளட்சைப் பிடித்தது. வலது கால்...

பூட்ஸின் முனை லீவருக்கு மேலே போனது. மிதித்தது.

மிதித்தால் குறையும்.

"தூக்கு!" மெக்கானிக் வேனுக்குள்ளிருந்து அலறினான். "தூக்கு மாப்ளே, தூக்கு!"

இன்ஜினின் குரல் ஏறவில்லை. இறங்கியது. கீழே, கீழே, ஒரு முனகலாக. டாப். பிடித்திருந்த ஏதோ ஒன்று கைவிட்டது போல வண்டி முன்னால் பாய்ந்தது. அந்தக் கால் மறுபடி மிதித்தது. இன்னும் ஒருமுறை மிதித்தது. ஒரு வாரம் ஒழுங்காகப் பாடம் படித்த கால், பாடத்தை மறக்காமல், மிதித்துக்கொண்டே இருந்தது.

லாரியில் மோதாமல் இருக்க அவன் வண்டியை ஒடித்தான். சாலையோரத்துக் கல்கட்டு. சத்தம் அவ்வளவு பெரிதாகக்கூட இல்லை.

*

சரிவு அதிக ஆழம் இல்லை. இறங்கிப் போக முடிந்தது. தங்கை முதலில் போனாள். அவள் குனிந்து, தொட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மறுபடி கூப்பிட்டு, பிறகு கூப்பிடுவதை நிறுத்தியதை மெக்கானிக் மேலிருந்து பார்த்தான். அதற்குப் பிறகு அவன் இறங்குவதற்கு அவசரம் ஏதும் இருக்கவில்லை.

லாரிக்காரன் கல்கட்டின் மேல் நின்று தலையில் கைவைத்துப் புலம்பினான். "நான் மெதுவாத்தானே வந்தேன்? அவரு ஏன் நிக்கலை? பழைய வண்டிதானே, கியர்பாக்ஸ் மாட்டிக்கிச்சா? அதானே இருக்கும்? மாட்டிக்கிச்சா சார்?"

மெக்கானிக் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். லீவரைக் கையால் அழுத்திப் பார்த்தான். நகரவில்லை. டாப்புக்குக் கீழே போக இடமில்லை. பாக்ஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வெல்டர் வைத்த குடல் வெண்ணெய் மாதிரிதான் இருந்தது. அவன் காபிக் கடை வாசலில் இறுக்கிய போல்ட்டும் அசையவில்லை. எல்லாம் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருந்தன.

"மாட்டிக்கலை," என்றான். யாருக்கும் கேட்டிருக்காது.

தங்கை தரையில் உட்கார்ந்து தலையை மடியில் எடுத்து வைத்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது என்று யாரோ சொன்னதற்குக் கழற்றாமலே வைத்திருந்தாள். ஒற்றைச் செருப்பையும் எங்கோ விட்டிருந்தாள். அழவில்லை. கணவனுடைய வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக்கின் பையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தான்.

"தலைவரே!" வெல்டரின் குரல் உடைந்து வந்தது. "எத்தனை தடவை போடுறது? இங்கே உட்காரவும் முடியலை, நிக்கவும் முடியலை. ஆளைப் பிடிச்சீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

மெக்கானிக் வாயைத் திறந்தான்.

"பிடிச்சோம்," என்றான்.

"அப்பாடா! சாமி!" மறுமுனையில் எதையோ பிடித்துக்கொண்டு உட்காரும் சத்தம். மூக்கை உறிஞ்சும் சத்தம். "என் வயித்துல பாலை வார்த்தே. இனிமே கியர்பாக்ஸ் பக்கம் தலைவச்சுப் படுத்தா என்னைச் செருப்பால அடி. மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா? குடு, குடு. ரெண்டு வார்த்தை மன்னிப்பு கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

மெக்கானிக் போனைக் காதிலிருந்து எடுத்தான். என்ன செய்வது என்று தெரியாமல், சூடான சாமானைப் பிடித்திருப்பவன் போலப் பிடித்திருந்தான். வெல்டர் பேசிக்கொண்டே இருந்தார். சின்னக் குரலில் எல்லாம் வெளியே கேட்டது.

தங்கை கையை நீட்டினாள். அவன் கொடுத்தான்.

"மாப்பிள்ளே!" என்றார் வெல்டர். "நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன், மாப்பிள்ளே."

"வெல்டர் அண்ணே." அவள் குரல் அமைதியாக இருந்தது. "உங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணே."

"யாரு, நீயாம்மா? அது உன் பெருந்தன்மைம்மா. மாப்பிள்ளை கோபமா இருக்காரா?"

"இல்லண்ணே. நீங்க போட்டுக் குடுத்தது அவருக்குப் பழகிடுச்சு. நல்லாப் பழகிடுச்சு." மெக்கானிக்கைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும். "நாங்கதான் விடலை."

வெல்டருக்குப் புரியவில்லை. "என்னம்மா? சரியா விழலை. சிக்னல் சரியில்லை போல. என்ன விடலை?"

அவள் போனைப் புல்லில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டாள். மேலே சாலையில், செயினை மாட்டிக்கொண்டு தனியாக இறங்கிவந்த ஒரு பழைய வண்டி, கூட்டத்தைப் பார்த்து வேகம் குறைத்தது. தூக்கி இரண்டாவது. தூக்கி முதல். மெக்கானிக் தலையைத் தூக்காமலே கேட்டுக்கொண்டிருந்தான்.